பந்தை உதைப்பதும் ஆளை உதைப்பதும்

(நமது சங்கக் கிளைகளுக்கிடையிலான காற்பந்துப் போட்டியை முன்னிட்டுக் கூடிய குழுத் தலைவர்கள் கூட்டத்தில், விளையாட்டுத் துணைக்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை.)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சம்பள உயர்வுமல்ல, போனசுமல்ல. பந்தாட்டத் திடலில் வேண்டுமென்றே மற்றவனை அடிப்பவனுக்கு என்ன தண்டனை கொடுப்பது என்பதுதான் விஷயம். 'விளையாட்டுச் சமாசாரத்துக்கு இவ்வளவு பெரிய கூட்டமா?' என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை திடலில் கால் முறிந்தவன் திங்கட்கிழமை காலை பிரட்டுக்கு வர முடியாது. 1955 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஐந்தாண்டுகளுக்கு மேல் வேலை செய்த தொழிலாளிக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள் உண்டு. முறிந்த கால் கூடி, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து மரம் வெட்டவோ, செம்பனைக் குலை அறுக்கவோ அந்த நாட்கள் போதுமா? போதாது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே இது விளையாட்டுச் சமாசாரம் மட்டுமல்ல, அடுப்பெரியும் சமாசாரம்.

காற்பந்து உடலோடு உடல் மோதும் ஆட்டம்தான். பந்துக்காகத் தோளோடு தோள் மோதுவதும், காலை நீட்டிப் பந்தைப் பறிப்பதும் ஆட்டத்தின் பகுதி. அதில் அடிபட்டால் யாரும் குறை சொல்வதில்லை. நேரம் தப்பிக் கால் பட்டுவிடுவது தவறு. அதற்கு ஃப்ரீ கிக் இருக்கிறது, மஞ்சள் அட்டை இருக்கிறது. நாம் பேசுவது இவற்றைப் பற்றியல்ல. பந்து ஓரிடத்தில் இருக்க, முழங்கையால் முகத்தில் இடிப்பதும், கீழே விழுந்தவனை மிதிப்பதும், பழைய பகையை வைத்துக்கொண்டு முழங்காலைக் குறி பார்ப்பதும் வேறு சாதிக் குற்றங்கள். காற்பந்து விதிகளில் பன்னிரண்டாம் விதி இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. பந்துக்குப் போட்டியிடும்போது காட்டும் மிதமிஞ்சிய முரட்டுத்தனம் ஒன்று. பந்துக்குப் போட்டியிடாமலே ஆளை அடிப்பது மற்றொன்று. பிந்தியதில், அடி படாமல் போனாலும், ஓங்கியதே குற்றம். இரண்டுக்கும் சிவப்பு அட்டைதான். ஆனால் அட்டைக்குப் பிறகு என்ன என்பதில்தான் உலகமே தடுமாறிக்கொண்டு வருகிறது.

அந்தத் தடுமாற்றத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1962 ஆம் ஆண்டு ஜூன் 2 ஆம் நாள், சிலி நாட்டுத் தலைநகர் சந்தியாகோவில் உலகக் கிண்ணப் போட்டி. சிலியும் இத்தாலியும் மோதின. ஆட்டம் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள்ளேயே இத்தாலியின் பெரினி வெளியேற்றப்பட்டார். அவர் போக மறுக்கவே போலீசார் வந்து இழுத்துச் செல்ல வேண்டியதாயிற்று. பின்னர் சிலியின் லியோனல் சாஞ்சஸ், இத்தாலியின் மாசியோவை முகத்தில் குத்தி மூக்கை உடைத்தார். நடுவர் பார்க்கவில்லை. சாஞ்சஸின் தலையை நோக்கி உதைத்த இத்தாலியர் டேவிட் வெளியேற்றப்பட்டார். மூக்கை உடைத்த சாஞ்சஸ் ஆட்டம் முடியும்வரை ஆடினார். சிலி இரண்டுக்குச் சுன்னம் என்று வென்றது. அதோடு விட்டதா? கால் இறுதியில் ரஷ்யர்களுக்கு எதிராக அதே சாஞ்சஸ் கோலும் போட்டார்!

அன்று நடுவராக இருந்தவர் கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயர். அவர்தான் பிற்காலத்தில், 1966 ஆம் ஆண்டு இங்கிலாந்து - அர்ஜென்டினா ஆட்டத்தில் நடந்த குழப்பத்தைக் கண்டு, சாலை விளக்கின் மஞ்சளையும் சிவப்பையும் அட்டைகளாக்கும் யோசனையைக் கண்டுபிடித்தார். 1970 ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அந்த அட்டைகள் வந்தன. மொழி தெரியாதவனுக்கும் சிவப்பு புரியும். நல்ல காரியந்தான். ஆனால் நடுவர் கண்ணில் பட்டவனுக்குத்தானே அட்டை? கண்ணில் படாதவனுக்கு?

1982 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் நாள் ஸ்பெயினில் செவில்லா நகரில் அரையிறுதி. பிரான்சின் பட்டிஸ்டன் பந்தைத் தொடர்ந்து ஓடி வருகிறார். மேற்கு ஜெர்மனியின் கோல் காவலர் ஷூமாக்கர் பாய்ந்து வந்து, பந்தை விட்டுவிட்டு அவர்மேல் மோதுகிறார். பட்டிஸ்டன் பற்கள் உடைந்து, நினைவிழந்து விழுந்தார். தூக்குப் படுக்கையில் கொண்டு போனார்கள். நடுவர் கொடுத்தது என்ன தெரியுமா? கோல் கிக்! மஞ்சள் அட்டைகூட இல்லை. ஆட்டம் 3-3 என்று முடிந்து பெனால்டிக்குப் போயிற்று. அங்கே இரண்டு பந்துகளைத் தடுத்து ஜெர்மனியைக் கரையேற்றியவர் அதே ஷூமாக்கர். மூன்று நாள் கழித்து இறுதி ஆட்டத்திலும் அவரே நின்றார். உடைந்த பல்லைக் கட்டிக்கொள்ளும் செலவைத் தருகிறேன் என்று அவர் சொன்னாராம். நமது தோட்டங்களில் அக்காலத்துத் துரைமார்கள் சிலர் அடித்துவிட்டு மருந்துக்குச் சில்லறை எறிந்த கதைகள் நினைவுக்கு வருகின்றன.

பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் கதவு சற்றுத் திறந்தது. 1994 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணக் கால் இறுதியில், இத்தாலியின் தசோட்டி தமது முழங்கையால் ஸ்பெயினின் லூயிஸ் என்ரிக்கேயின் மூக்கை உடைத்தார். உடைத்த இடம் பெனால்டிக் கட்டத்துக்குள். நடுவர் காணவில்லை, பெனால்டி இல்லை, ஸ்பெயின் தோற்று வீடு திரும்பிற்று. ஆனால் பிபா படம் பிடித்ததைப் போட்டுப் பார்த்து, ஆட்டம் முடிந்த பிறகு தசோட்டிக்கு எட்டு ஆட்டம் தடை விதித்தது. அதன் பிறகு அவர் இத்தாலிக்காக ஆடவே இல்லை. நடுவர் காணாதது நடக்காததாகிவிடாது என்ற நியாயம் அன்று ஏற்கப்பட்டது. நாங்கள் இதைப் பெரிய வெற்றியாகக் கருதுகிறோம்.

இன்று பெரிய போட்டிகளில் காணொளி உதவி நடுவர் உட்கார்ந்திருக்கிறார். 2018 ஆம் ஆண்டு அது விதிப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. அதில் ஒரு நுட்பம் உண்டு. ஆட்டம் நின்று மறுபடி தொடங்கிவிட்டால், பழைய சம்பவத்தைத் திரும்பப் பார்க்கக்கூடாது என்பது பொது விதி. ஆனால் ஆளை அடித்தல், கடித்தல், துப்புதல் போன்றவற்றுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. நமது திடலில் அத்தகைய யந்திரம் கிடையாதுதான். ஆனால் கோட்டோரத்தில் நிற்கிற பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் பிடித்த படத்தை விசாரணையில் சாட்சியமாக ஏற்கக்கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

அடுத்து, தண்டனையின் அளவுக்கு வருவோம். 2006 ஆம் ஆண்டு பெர்லின் இறுதி ஆட்டத்தில் பிரான்சின் ஜிடான், இத்தாலியின் மாட்டெராசியைத் தலையால் மார்பில் இடித்த காட்சியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சிவப்பு அட்டை கிடைத்தது. பிறகு மூன்று ஆட்டம் தடை, 7,500 சுவிஸ் பிராங்கு அபராதம். ஆனால் அதுவே அவருடைய கடைசி ஆட்டம்! ஓய்வு பெற்றவருக்கு மூன்று ஆட்டத் தடை என்ன செய்யும்? கடைசியில் தடைக்குப் பதிலாக மூன்று நாள் சமூகப் பணி செய்தார். அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்ற தங்கப் பந்தும் அவருக்கே போயிற்று. வாயால் சீண்டிய மாட்டெராசிக்கு இரண்டு ஆட்டமும் 5,000 பிராங்கும். சீண்டியவனுக்கும் தண்டனை உண்டு என்றது சரியே. தாயையும் தங்கையையும் இழுத்துப் பேசுவது, சாதியையும் நிறத்தையும் சொல்லி ஏசுவது, இவற்றால் நமது திடல்களிலும் எத்தனை சண்டைகள்! ஏசியவனை விட்டுவிட்டு ஓங்கியவனை மட்டும் பிடிப்பது நியாயமல்ல. அதற்காக, ஏசினான் என்ற காரணம் ஓங்கியவனை விடுவித்துவிடாது. தண்டனையைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவே.

ஜிடான் விஷயத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம், தடையை ஆட்டக் கணக்கில் போடுவது போதாது என்பது. நமது போட்டியில் ஒரு குழு ஆண்டுக்கு ஆறோ ஏழோ ஆட்டந்தான் ஆடுகிறது. மூன்று ஆட்டத் தடை என்றால் சிலருக்குப் பாதிப் போட்டி போய்விடும். கடைசி ஆட்டத்தில் அடித்தவனுக்கோ ஒன்றுமே இல்லை. ஆகவே மாதக் கணக்கு வேண்டும். 2014 ஆம் ஆண்டு உருகுவேயின் சுவாரஸ், இத்தாலியின் கியல்லினியைத் தோளில் கடித்தபோது பிபா அப்படித்தான் செய்தது. ஒன்பது அனைத்துலக ஆட்டங்கள் தடை என்றதோடு, நான்கு மாதம் எந்தக் காற்பந்து நடவடிக்கையிலும் கலந்துகொள்ளக்கூடாது என்றும் உத்தரவிட்டது. (பின்னர் விளையாட்டு நடுவர் மன்றம் பயிற்சி போன்றவற்றில் ஈடுபடலாமென்று தளர்த்திற்று.) அது அவருடைய மூன்றாவது கடி! முதல் கடிக்கு ஏழு ஆட்டம், இரண்டாவதுக்குப் பத்து. மூன்றாவது கடித்த பிறகும், தடை நடந்துகொண்டிருக்கும்போதே, பார்சிலோனா குழு அவரைப் பெருந்தொகை கொடுத்து வாங்கிற்று. திறமை உள்ளவனுக்கு எந்தத் தண்டனையும் விலையைக் குறைப்பதில்லை போலும்.

இனி மனதுக்குள் இருக்கும் எண்ணத்தை எப்படி அளப்பது என்ற கேள்வி. இது கடினமான கேள்வி. 2001 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மான்செஸ்டர் யுனைடெட் குழுத் தலைவர் ராய் கீன், மான்செஸ்டர் சிட்டியின் ஆல்ஃப்-இங்கே ஹாலண்டை முழங்காலில் மிதித்தார். இன்று கோல் மழை பொழிகிற எர்லிங் ஹாலண்டின் தகப்பனார்தான் இவர். 1997 ஆம் ஆண்டு கீனுக்கு முழங்கால் காயம் ஏற்பட்டபோது, நடிக்காதே என்று ஹாலண்ட் சொன்ன பகை. சிவப்பு அட்டை, மூன்று ஆட்டம், 5,000 பவுன் என்று விஷயம் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு கீனின் சுயசரிதை வெளிவந்தது. வேண்டுமென்றே காயப்படுத்த நினைத்ததாக அதில் கண்டிருந்தது. உடனே ஆங்கிலக் காற்பந்துச் சங்கம் மேலும் ஐந்து ஆட்டம் தடை விதித்து, 150,000 பவுன் அபராதமும் போட்டது. இதில் நமக்கு ஒரு வருத்தம். அவராகவே எழுதியிராவிட்டால்? நடுவரும் விசாரணைக் குழுவும் மனதைப் பார்க்க முடியாது. ஆனால் செயலைப் பார்க்கலாம். பந்து எங்கே இருந்தது, கை எங்கே போயிற்று, அடித்தவன் கண் எதைப் பார்த்தது, முன்பகை உண்டா, அடித்த பிறகு என்ன செய்தான் என்று கேட்டால் எண்ணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். நீதிமன்றங்கள் வேறெப்படி எண்ணத்தைக் கண்டுபிடிக்கின்றன?

'காயம்பட்டவன் எத்தனை நாள் ஆட முடியாதோ, அத்தனை நாள் அடித்தவனும் ஆடக்கூடாது' என்று ஒரு யோசனை நமது கிளைகளிலிருந்து வந்திருக்கிறது. கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனாலும் துணைக்குழு அதை ஏற்கவில்லை. காரணம் சொல்கிறோம். 2006 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் பென் தாட்சர் என்பவர், போர்ட்ஸ்மவுத் குழுவின் பெட்ரோ மென்டஸை முழங்கையால் முகத்தில் அடித்தார். அடிபட்டவர் நினைவிழந்து விழுந்தார், வலிப்பும் கண்டது. தெய்வாதீனமாக வெகு சீக்கிரம் குணமாகி மறுபடி ஆட வந்துவிட்டார். அந்த யோசனைப்படி பார்த்தால் தாட்சருக்குச் சில வாரத்தோடு தண்டனை தீர்ந்துபோகும். மறுபுறம், நேர்மையாகப் பந்தைப் பறிக்கப் போனவனால் ஒருவன் கால் முறிந்து ஓராண்டு கிடந்தால், இவனையும் ஓராண்டு நிறுத்துவதா? அது தண்டனையல்ல, லாட்டரிச் சீட்டு. செயலுக்குத்தான் தண்டனை, காயத்தின் அளவு அதைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் ஒரு காரணம் மட்டுமே.

தாட்சர் வழக்கில் இன்னொன்றும் உண்டு. நடுவர் அன்று மஞ்சள் அட்டை காட்டிவிட்டார். நடுவர் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன விஷயத்தை மறுபடி கிளறுவதில்லை என்பது அங்கே வழக்கம். ஆனால் அன்றைய செயல் அவ்வளவு கொடுமையானது என்பதால் வழக்கத்தை மீறி விசாரித்து, எட்டு ஆட்டம் தடை விதித்தார்கள். மேலும் பதினைந்து ஆட்டத் தடையை நிறுத்திவைத்தார்கள். நடுவரின் தீர்ப்பு ஆட்டத்துக்கு முடிவானது. ஒழுக்கத்துக்கும் அதுவே முடிவாக இருக்க வேண்டியதில்லை.

தோழர்களே! இப்பொழுது நாங்கள் சொல்லப்போவதைக் கவனித்துக் கேட்க வேண்டுகிறோம். பிபாவின் ஒழுங்குச் சட்டத்தில், எதிர் ஆட்டக்காரனைக் குத்தினாலோ உதைத்தாலோ குறைந்தபட்சம் மூன்று ஆட்டம் தடை. நடுவரை அடித்தால் குறைந்தபட்சம் பதினைந்து ஆட்டம். மூக்கு ஒன்றுதான், ஆனால் ஒரு மூக்குக்கு மூன்று, மற்றொரு மூக்குக்குப் பதினைந்து! துரையைத் தொட்டால் ஒரு சட்டம், கூலியைத் தொட்டால் ஒரு சட்டம் என்று இருந்த காலத்தை நமது பாட்டன்மார்கள் பார்த்திருக்கிறார்கள். நடுவருக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அவர் தனியாள், அவருக்குப் பத்துப் பேர் துணையில்லை, அவரை அடிக்க அனுமதித்தால் அடுத்த ஞாயிறு ஊத யாரும் வரமாட்டார்கள். ஆகவே அந்தப் பதினைந்தைக் குறைக்க நாங்கள் கேட்கவில்லை. இந்த மூன்றை உயர்த்தக் கேட்கிறோம்.

போலீசு, கோர்ட்டு என்று போகலாமா என்றும் கேட்கிறீர்கள். போகலாம்; சென்றதும் உண்டு. 1994 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ரேஞ்சர்ஸ் குழுவின் டங்கன் பெர்குசன் எதிர் ஆட்டக்காரரைத் தலையால் முட்டினார். நடுவர் அட்டையே காட்டவில்லை. ஆனால் காற்பந்துச் சங்கம் பன்னிரண்டு ஆட்டம் தடை விதித்தது. வழக்கும் நடந்து, முன்பே அடிதடிக்குத் தண்டனை பெற்றிருந்தவர் என்பதால் மூன்று மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. 44 நாள் சிறையில் இருந்தார். இங்கிலாந்தில் 1985 ஆம் ஆண்டு, லெமிங்டன் வட்டார லீக்கில் ஆடிய ஒரு சாதாரண ஆட்டக்காரர், முறைகேடான ஆட்டத்தால் தம் கால் முறிந்ததற்காக வழக்குப் போட்டு 4,900 பவுன் நஷ்டஈடு பெற்றார். பெரிய சம்பளக்காரரல்ல, நம்மைப் போல வார இறுதியில் ஆடுகிறவர். ஆகவே திடலின் வெள்ளைக் கோட்டுக்குள் சட்டம் நுழையாது என்று எவரும் எண்ண வேண்டாம். ஆனால் வழக்குக்குப் பணமும் காலமும் வேண்டும். ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் இருப்பவர்கள் கோர்ட்டுப் படியேறினால் பகை பிள்ளைகள் காலம்வரை நிற்கும். எலும்பு முறிய அடித்தவன்மேல் புகார் செய்வதை நமது விதி தடுக்காது, தடுக்கவும் கூடாது. மற்றவற்றை நாமே நேர்மையாக விசாரிக்கப் பழக வேண்டும்.

விசாரணை என்றதும் சங்கத்துக்காரர்களாகிய நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நிர்வாகம் ஒரு தொழிலாளியை ஒழுங்கீனம் என்று வேலையிலிருந்து நீக்கினால், 'குற்றப்பத்திரம் எங்கே? உள்விசாரணை எங்கே?' என்று நாம் கேட்கிறோம். முறையான விசாரணைக்குப் பிறகே தண்டனை என்பது சட்டத்தின் பதினான்காம் பிரிவு. விசாரணைக்காக இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது என்றும் அதில் உண்டு. நிர்வாகத்திடம் நாம் கேட்கிற நியாயத்தை நமது ஆட்டக்காரனுக்கு நாமே மறுக்கலாமா? சில ஆண்டுகளுக்கு முன் நமது போட்டி ஒன்றில், முழங்கை பட்டுத் தாடை முறிந்த ஒரு பையன் வாரக்கணக்கில் கஞ்சி மட்டும் குடித்துக் கிடந்தான். அடித்தவனை அன்று இரவே கூடி 'ஆயுள் தடை' என்று அறிவித்தார்கள். இரண்டே மாதத்தில், கிண்ணத்துக்கு ஆள் வேண்டும் என்று அதே குழு அவனைத் திரும்ப இறக்கிற்று! கோபத்தில் கொடுத்த தண்டனை தேவைக்கேற்பக் கரைந்துபோகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே துணைக்குழு முன்வைக்கும் விதி இதுதான். பந்துக்குப் போட்டியிடாமல் ஆளை அடித்தால் குறைந்தது ஆறு மாதம், நமது போட்டி எதிலும் ஆட முடியாது. பயிற்சிக்கும் குழுவின் பெயரால் இறங்க முடியாது. கீழே கிடப்பவனை உதைத்தாலும், முன்பகையில் அடித்தாலும் ஓராண்டு. மறுமுறை செய்தால் இரட்டிப்பு. நடுவரை அடித்தால் மூன்றாண்டு. புகார் வந்த ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் குற்றச்சாட்டுத் தர வேண்டும். இரண்டு வாரத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். விசாரிப்பவர்கள் மூவரும் சம்பந்தப்பட்ட இரு கிளைகளையும் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஆட்டக்காரன் தனக்காகப் பேச ஒருவரை அழைத்து வரலாம், அப்பீலும் செய்யலாம். காரணத்தை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கோல் அடிக்கிறவன், குழுத் தலைவன், செயலாளரின் மைத்துனன் என்ற பேதம் கூடாது.

அபராதம் மட்டும் வேண்டாம் என்கிறோம். பணமுள்ளவன் கட்டிவிட்டு மறுபடி அடிப்பான்; இல்லாதவன் வீட்டரிசி குறையும். பெரிய சங்கங்களில் அபராதப் பணம் அடிபட்டவனுக்குப் போவதுமில்லை. சங்கத்துப் பெட்டிக்கே போகிறது. அதற்குப் பதிலாக, அடித்தவனுடைய குழு, தனது போட்டி வசூலில் ஒரு பகுதியை, அடிபட்டவன் வேலைக்குத் திரும்பும்வரை அவன் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். 'ஒருவன் செய்த குற்றத்துக்குக் குழு ஏன் கொடுக்க வேண்டும்?' என்று தலைவர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அவனை இறக்கியது குழு. அவன் அடித்தபோது 'போடு' என்று கத்தியதும் பல சமயம் குழுதான். பையில் கை போனால் வாய் அடங்கும் என்று நம்புகிறோம். எவ்வளவு பங்கு என்பதைக் கிளைகளே சொல்லட்டும். அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

விதியின் நகல் உங்கள் கையில் இருக்கிறது. கிளைக் கூட்டத்தில் ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு படியுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத இளைஞர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு ஆடும் தோழர்களுக்கும் மலாயில் எடுத்துச் சொல்லுங்கள். ஆறு மாதம் அதிகம் என்று கருதினால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். திருத்தங்கள் முதல் ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன்னதாகத் துணைக்குழுவின் கைக்கு வந்து சேர வேண்டும். அடுத்த கூட்டத்தில் கிளைக்கு ஒரு வாக்கு வீதம் எடுத்து முடிவு செய்யப்படும். தலைவர்கள் கையெழுத்திட வேண்டிய தாள் வாசலில் மேசைமேல் இருக்கிறது.